செவ்வாய்க்குப் போன வண்டியும் நல்லரத்தினமும்

சீதேவிப்பிள்ளையின் வாய்க்குத் தேற்றாத்தீவு ஊரே பயப்படும். மீனை அடிமாட்டு விலைக்குக் கேட்டவனின் பரம்பரையையே இழுத்துவிடுவாள். ஆனால் தொண்ணூற்றேழாம் ஆண்டு முழுக்க அவள் ஏசியது மீனுக்காக அல்ல, புருஷனுக்காக.

புருஷன் நல்லரத்தினம் வாவியில் வலை வீசுகிறவன். ஆமி முகாம்காரர் ஊர் ஆண்களை முறைவைத்துப் பிடித்துப் போய், விடியற்காலையில் தங்கள் வாகனங்களுக்கு முன்னால் நடக்கவிடுவார்கள். ரோட்டில் கண்ணிவெடி புதைத்திருந்தால் முதலில் இவர்கள் மிதிக்கட்டுமாம். நாசமாய்ப் போவார்!

அவனோ சிரிப்பான். "பயப்படாத புள்ள. திருக்கைக்கே தப்பினவன் நான்."

வாவியில் இறங்குகிறவர்கள் காலைத் தூக்கி வைப்பதில்லை. சேற்றோடு உரசி நடந்தால், புதைந்து கிடக்கும் திருக்கை மீன் வால் முள்ளால் குத்தாமல் விலகி ஓடிவிடும். அதே நடையைச் செம்மண் கிறவல் ரோட்டிலும் நடந்தான்.

"வெடி என்ன திருக்கையா, விலகி ஓட?" என்று கத்துவாள். கேட்டால்தானே!

ஆடியில் ஒருநாள் தேத்தண்ணிக் கடை யோகராசா ரேடியோவில் கேட்டதை அவளிடம் சொன்னான். செவ்வாய்க் கிரகத்தில் ஆறு சில்லு வைத்த சின்ன வண்டி ஓடுகிறதாம்.

"ஆள் போகல்லியா?"

"போனாச் செத்திருவான் அக்கா. அதுக்குத்தான் மெசின்."

மீன் சுமந்த ஓலைக் கடகத்தைப் போட்டுவிட்டு நேரே முகாம் வாசலுக்குப் போனாள். "அங்க மனிசன் செத்திருவான் எண்டு மெசினை அனுப்புறானுகள். இஞ்ச மெசின் உடைஞ்சிரும் எண்டு மனிசனை அனுப்புறீங்க. நீங்களெல்லாம் தாய் வயித்தில பொறந்தனீங்களா?"

மொழிபெயர்க்கிறவன் அதிகாரியிடம் சிங்களத்தில் இரண்டே சொல் சொன்னான். பிறகு இவளிடம் மெதுவாக, "நீங்க அழுது கெஞ்சிறீங்க எண்டு சொன்னன். உள்ளதைச் சொன்னா உங்களையும் உள்ளுக்குப் போட்டிருவாங்க அம்மா. போங்க" என்றான்.

கெஞ்சினாளாம்! அவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

புரட்டாதியில் அந்த உரசல் நடையே அவனைக் கொன்றது. மண்ணை ஒட்டிக் கிடந்த வெடிக் கம்பியைக் கால் இழுக்க, வெடித்தது. வாகனங்கள் வந்த வழியே கிறுகிப் போயின. கூட நடந்தவர்களைக் கிட்டப் போகவும் விடவில்லை. மத்தியானம்வரை ரோட்டில் கிடந்தான்.

முப்பத்தோராம் நாள் கிரியை முடிந்து அவள் மறுபடி கடகம் தூக்கிய அன்று, என்ன பேசுவதென்று தெரியாமல் யோகராசா செய்தி சொன்னான். செவ்வாயில் அந்த வண்டி பேச்சுமூச்சில்லாமல் நின்றுவிட்டதாம். அனுப்பியவர்கள் கவலைப்பட்டு இன்னும் கூப்பிட்டுப் பார்க்கிறார்களாம்.

சீதேவிப்பிள்ளை கடகத்தை நிலத்தில் அடித்து வைத்தாள்.

"மெசினைக் கூப்பிட்டுப் பாக்கிறானுகள். என்ட மனிசன் மத்தியானம் மட்டும் கிடந்தாரே, தூர நிண்டெண்டாலும் ஒருக்காக் கூப்பிட்டானா முகாம்காரன் ஒருத்தன்? கூப்பிட, அந்த மனிசன்ட பேரையெண்டாலும் கேட்டு வச்சானுகளா?"