சர்க்கரையின் சொந்தக் கருத்து

அலுவலகத்தில் அவளுக்குச் சர்க்கரை என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. பாராட்டி எழுத வேண்டியதெல்லாம் அவள் மேசைக்கு வரும், அதனால் அந்தப் பட்டம். பக்கத்து நாற்காலிக்காரன் மிளகாய். போட்டிக் கம்பெனிப் பொருளைத் திட்டி எழுதுவது அவன் பாடு. மேற்பார்வையாளர் தன்னைப் பெரிய சமையல்காரராக நினைத்துக்கொண்டு வைத்த பெயர்கள் இவை. மனுஷருக்கு நகைச்சுவை அவ்வளவுதான் வரும்.

புதுப் படம், புதுப் புத்தகம், புது செல்போன், காதில் செருகும் கருவி, எது சந்தைக்கு வந்தாலும் அதை வாங்கி அனுபவித்து மனம் நிறைந்த ஆள் போல இணையத்தில் கருத்து எழுத வேண்டும். வேலை அதுதான். கீழே டயர் கடை. அந்த ரப்பர் வாடை மாடி வரைக்கும் வரும். சுவரோரம் ஓர் இரும்பு அலமாரி, அதில் தட்டுத் தட்டாகப் பழைய செல்போன்கள். ஒவ்வொன்றுக்கும் தனி சிம், ஒவ்வொன்றும் ஓர் ஆள். ஒன்று ஓய்வு பெற்ற ராணுவக்காரர், ஒன்று கைக்குழந்தைக்காரி, ஒன்று பரீட்சைக்குப் படிக்கும் மாணவன். ராணுவக்காரருக்கு எழுத்துப் பிழை வரக்கூடாது, மாணவனுக்கு வந்தே ஆக வேண்டும். அந்தப் பிழைகளையும் சர்க்கரை யோசித்து யோசித்துத்தான் போடுவாள். ஓர் ஆளின் போனில் இன்னோர் ஆள் பேசக்கூடாது, அலுவலக இணையத்திலிருந்து எதுவும் போகவே கூடாது. இந்த இரண்டும் அங்கே வேதம். மீறினால் விற்பனைத் தளங்கள் மோப்பம் பிடித்துவிடும்.

சொந்தக் கருத்து இல்லாதவள் என்று நினைத்துவிடக் கூடாது. வண்டி வண்டியாக வைத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை தம்பி வீட்டுக்குப் போனால் கொட்டித் தீர்த்துவிடுவாள்.

"இப்ப வர்ற படத்துல ஹீரோ நடந்து வர்றதுக்கே அரை மணி நேரம் ஆகுதுடா. அவ்ளோ மெதுவா நடக்கிறவன் எப்படி அத்தனை பேரை அடிப்பான்? அவன் வந்து சேர்றதுக்குள்ள எல்லாரும் வீட்டுக்குப் போயிருக்க மாட்டாங்க?"

"புத்தகமாச்சும் பரவாயில்லையா?"

"அது அதுக்கு மேல. விடியறதுக்கு முன்னாடி எந்திரி, உருப்பட்டுடுவேங்கிறான் ஒருத்தன். நம்ம பால்காரர் காலம் பூரா அப்படித்தான் எந்திரிக்கிறாரு. எங்க உருப்பட்டாரு? இதுல மடிக்கிற போன் வேற. எதையும் மடக்காதே, உடைஞ்சிடும்னு அடிச்சு வளர்த்தாங்க நம்மளை. இப்ப மடக்கறதுக்குத்தான் காசாம். அப்புறம் அந்த வாட்ச். நான் ராத்திரி தூங்கலைன்னு எனக்கே தெரியாதா? அது வேற காலையில கணக்குச் சொல்லுது. அதைப் பார்த்த கவலையில அடுத்த நாளும் தூக்கம் போச்சு."

தம்பி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பான். "இதை எழுதேன்க்கா" என்பான். "இதுக்கு எவன் சம்பளம் தருவான்?" என்பாள் அவள். திங்கட்கிழமை போய் உட்கார்ந்து அதே வாட்ச் தன் வாழ்க்கையையே மாற்றிவிட்டதாகக் கைக்குழந்தைக்காரியின் பேரில் எழுதுவாள். ஐந்து நட்சத்திரம்.

தம்பி லிஃப்ட் மெக்கானிக். உதிரி பாகம் வரும் வரை மொட்டை மாடி மோட்டார் அறையில் காத்துக் கிடக்கிற நேரத்தில் செல்போனிலேயே தட்டித் தட்டி ஒரு நாவல் எழுதி முடித்திருந்தான். அதற்காக வருஷக்கணக்கில் சினிமா, சிநேகிதன் எல்லாவற்றையும் விட்டவன். ஒரு பதிப்பாளர் அம்மா அதைப் படித்துவிட்டு, முடியாது என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. "முதல்ல இணையத்துல மின்நூலாப் போடுங்க. படிக்கிறவங்க என்ன சொல்றாங்கன்னு பார்ப்போம். நாலு பேர் நல்ல வார்த்தை சொன்னா நானே அச்சுப் போடுறேன்" என்றார். தம்பிக்குத் தலைகால் புரியவில்லை. அவன் வாழ்க்கையில் யாரும் பாதிக் கதவைக்கூட அதுவரை திறந்து வைத்ததில்லை.

நாவலை ஒரு மின்நூல் தளத்தில் ஏற்றிவிட்டு அன்று சாயங்காலமே அக்காவிடம் வந்து நின்றான்.

"உன் அலமாரி ஆளுங்க ஒருத்தரும் இதுல கை வைக்கக் கூடாது. ராணுவக்காரர் வந்து பாராட்டினா மரியாதை கெட்டுடும், சொல்லிட்டேன்."

"அவரு ரொம்ப நல்லவருடா."

"விளையாடாதக்கா. நீ படி. பிடிச்சா உன் பேர்ல எழுது. பிடிக்கலன்னாலும் உன் பேர்ல எழுது. எனக்கு உன் கருத்து வேணும்."

அவளிடம் அப்படி யாரும் கேட்டதில்லை. பயந்துகொண்டேதான் படிக்க ஆரம்பித்தாள். நன்றாக இல்லையென்றால் அவன் முகத்தை எப்படிப் பார்ப்பது என்று கவலை. தினமும் சாப்பாட்டு நேரத்தில் மாடிப்படியில் உட்கார்ந்து படித்தாள். முதல் சில அத்தியாயங்கள் இழுவை. வர்ணனை அதிகம். பிறகு அந்தப் பை வந்தது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் ஓர் அம்மா உட்கார்ந்திருக்கிறாள். உள்ளே புருஷன் இழுத்துக்கொண்டு கிடக்கிறான். யாரோ ஒரு பெண் வந்து, "கொஞ்சம் பார்த்துக்கங்க, இதோ வந்துடுறேன்" என்று ஒரு துணிப்பையை மடியில் வைத்துவிட்டுப் போகிறாள். நர்ஸ் வந்து உள்ளே கூப்பிடுகிறாள். அம்மா எழுந்திருக்கவில்லை. பைக்காரி வரட்டும் என்கிறாள். அவள் திரும்பி வந்து பையை வாங்கிக்கொண்டு போகும்போது உள்ளே எல்லாம் முடிந்துவிட்டது.

இது நடந்த கதை. அவர்களுடைய அப்பா, அவர்களுடைய அம்மா. அன்று சர்க்கரையும் அந்த வராந்தாவில் இருந்தாள். "ஊரான் வீட்டுப் பைதான் உனக்கு முக்கியமாப் போச்சா?" என்று எல்லார் முன்னாலும் அம்மாவைப் பார்த்துக் கத்தியவள் அவள்தான். அம்மா போய்ச் சேரும் வரை அந்தக் கோபம் அவளுக்குத் தீரவில்லை. தம்பி தன் நாவலில் அந்த இடத்தில் ஒரே ஒரு வரி எழுதியிருந்தான்: அந்தக் கட்டடத்தில் திரும்பி வருவேன் என்று அவளிடம் சொன்ன ஒரே ஆள் பைக்காரிதான். சர்க்கரை படியில் உட்கார்ந்தபடியே வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அம்மாவிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் போலிருந்தது, கேட்க ஆளில்லை.

படித்து முடித்ததும் இருக்கைக்கு வந்து கருத்து எழுத உட்கார்ந்தாள். கை பழக்கத்தில், "ஒரே மூச்சில் படித்து முடித்தேன்" என்று ஆரம்பித்தது. அழித்தாள். "கொடுத்த காசுக்கு மேல்" என்றது. அதையும் அழித்தாள். கடைசியில் மனத்தில் பட்டதை அப்படியே போட்டாள். முதல் அத்தியாயங்கள் இழுவை என்று எழுதினாள். அந்தப் பை பற்றி எழுதினாள், படிக்கட்டில் அழுததை எழுதினாள். நான்கு நட்சத்திரம் கொடுத்தாள். தன் சொந்தப் பேரில், தன் சொந்தப் போனிலிருந்து அனுப்பினாள். பொய் சொல்லும்போதுதானே ஒளிய வேண்டும், இதில் ஒளிய என்ன இருக்கிறது என்று நினைத்தாள். அவள் போன் அப்போது அலுவலக இணையத்தில் இருந்தது அவள் புத்தியில் ஏறவே இல்லை.

மறுநாள் தம்பியின் புத்தகம் தளத்தில் இல்லை. போலிக் கருத்து வியாபாரம் நடக்கிற இடத்திலிருந்து இந்தப் புத்தகத்துக்குப் பாராட்டு வந்திருப்பதால் நீக்கப்பட்டது என்று அவனுக்கு ஒரு தகவல் போயிருந்தது. அவனுடன் வேலை செய்பவர்கள் தட்டுத் தடுமாறி எழுதியிருந்த நிஜமான கருத்துகளும் சேர்ந்தே போயின.

மிளகாயிடம் சொன்னாள். அவன் தலையில் அடித்துக்கொண்டான்.

"பொய்யை அனுப்பும்போது பத்து தடவை பார்த்து அனுப்புவ. உண்மையை இப்படியா பொத்துன்னு போடுவ? இந்த ஆபீஸ் நெட் லைன் எப்பவோ அவங்க கிட்ட மாட்டின லைன் சர்க்கரை. அதனாலதானே அலமாரியே வச்சிருக்கோம்."

"முறையீடு பண்ணா?"

"பண்ணு. மெஷின்தான் படிக்கும்."

பண்ணினாள். நடந்ததை நடந்தபடி எழுதினாள். அனுப்பிய கையோடு பதில் வந்தது. முடிவில் மாற்றமில்லை, இந்தப் பதில் உங்களுக்கு உதவியாக இருந்ததா, நட்சத்திரம் கொடுங்கள் என்றது. அவள் ஒரு நட்சத்திரம் கொடுத்தாள். நன்றி என்றது.

பதிப்பாளர் அம்மாவும் தம்பியைக் கூப்பிட்டுப் பேசிவிட்டார். "உங்க மேல தப்புன்னு நான் சொல்லல தம்பி. ஆனா இப்படிப் பேர் அடிபட்ட புத்தகத்தை நான் எடுத்தா என் பேரும் சேர்ந்து அடிபடும்." பாதிக் கதவும் சாத்தியாயிற்று.

ஞாயிற்றுக்கிழமை சர்க்கரை தம்பி வீட்டுக்குப் போனாள். அவன் தரையில் செய்தித்தாளை விரித்து எதையோ கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தான். விரலெல்லாம் கிரீஸ். அவள் உட்காராமல் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். அலமாரி ஆட்கள் யாரும் இல்லை, தான் மட்டும்தான், தன் பேரில்தான் என்று இரண்டு தடவை சொன்னாள். திட்டுவான் என்று எதிர்பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலை.

"நீ எழுதினதைப் பார்த்தேன்க்கா, தூக்கறதுக்கு முன்னாடி" என்றான். "ஒர்க் ஷாப்ல எல்லாருக்கும் காட்டினேன். எங்க அக்கா எழுதினதுன்னு."

கையிலிருந்ததைச் செய்தித்தாளில் வைத்துவிட்டு நிமிர்ந்தான்.

"ஒண்ணு கேக்கறேன். கோவிச்சுக்காத. படிக்கட்டுல அழுதேன்னு போட்டிருந்தியே. நிஜமா அழுதியா? இல்ல அழுதேன்னு எழுதினா நல்லா எடுபடும்னா?"

"நிஜமாடா."

"முதல்ல கொஞ்சம் இழுவைன்னு போட்டது? குறையும் ஒண்ணு சொன்னாத்தான் நம்புவாங்கன்னு நீதான் ஒரு தடவை சொன்ன."

சொல்லியிருந்தாள். அது அலுவலகத்தில் சொல்லித் தரும் பாடம். ஆனால் முதல் அத்தியாயங்கள் இழுவையாகத்தானே இருந்தன. இதை இவனுக்கு எப்படிச் சொல்வது என்று தெரியாமல் நின்றாள். கண்ணில் நீர் முட்டியது, அதையும் அவன் பார்த்துவிட்டு எதையோ எடைபோடுவது போலத் தெரிந்தது.

"சத்தியமாடா. மனசுல இருந்து சொல்றேன்."

சொன்ன உடனே அவளுக்கே கேட்டது. போன மாதம் ஒரு மிக்ஸிக்கு எழுதிய வாக்கியம் அது.

தம்பி கந்தல் துணியை எடுத்து விரல் விரலாகத் துடைத்தான்.

"சரிக்கா" என்றான். "சாப்பிட்டியா?"