சேவியரின் ஸ்னோப்ளோவரை வெஸ்ட் ஈலிங்குக்குக் கொண்டுபோன கதை

லண்டனில் பழைய ஸ்னோப்ளோவர் சேர்க்கிறவன் என்றால் ஆட்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். எப்போதாவது நாலு அங்குலம் பனி விழும் ஊரில், பனியை அள்ளி எறியும் மெஷின் எதற்கு என்று என் மனுசியே கேட்டிருக்கிறாள். ஆனாலும் இப்படியொரு பாரத்தை ஏற்றிக்கொண்டு லண்டனைச் சுற்ற நினைக்கும் இரண்டொருவர் வழி கேட்டு எழுதியிருந்தார்கள். அவர்களுக்காக, 1993 பெப்ரவரியில் பிளேஸ்டோவிலிருந்து வெஸ்ட் ஈலிங் போய்வந்த கதை.

மெஷின் என்னுடையது அல்ல, என் பக்கத்து வீட்டுச் சேவியருடையது. மன்னார்க்காரன், பஸ் கராஜில் மெக்கானிக். ஐம்பதுகளில் செய்த அந்தச் சாமானைப் பழைய இரும்புக் கடையில் கண்டெடுத்து, ஷிப்ட் முடிந்து வந்து மூன்று குளிர்காலம் துருவைச் சுரண்டினான். நான் பெயின்ட் அடித்தேன், அவ்வளவுதான். வெஸ்ட் ஈலிங்கில் ஒரு வெள்ளைக்காரர் பெரிய கொட்டில் நிறைய ஸ்னோப்ளோவர் வைத்திருந்தார். நன்றாக ஓடினால், கோடையில் வரும் கண்காட்சியில் அதைச் சேவியரின் பெயரெழுதி வைப்பதாகச் சொல்லியிருந்தார். அதற்காகவே சேவியர் புதுச் சட்டை வாங்கினான்.

முதல் நாள் பின்னேரம் சேவியர் தேத்தண்ணி குடிக்கப் போன நேரம், பனியை அள்ளும் முன்திருகைப் பூட்டியிருந்த போல்ட்டைப் பார்த்தேன். மெல்லிய, மட்டமான இரும்பு. இவ்வளவு பாடுபட்டவன் இதில் போய்க் கஞ்சத்தனம் பார்த்துவிட்டானே என்று, நல்ல உருக்குப் போல்ட் ஒன்றை நானே மாற்றிப் பூட்டினேன். அவனிடம் சொல்லவில்லை. பெரிய இஞ்சினியர் நான்!

மெஷினை ஏற்ற எடுத்த வான் வாடகை ஒரு நாளுக்கு 32 பவுண்ட். ஞாயிறு காலை 7.10க்குப் புறப்பட்டோம். நகரத்துக்குள் போகாமல் நோர்த் சேர்க்குலர் சுற்றுவீதி வழியே 24 மைல். ஹேங்கர் லேன் சுற்றுவட்டத்தில் வெளியேறும் வழியைத் தவறவிட்டேன்.

“மூண்டாம் தரம் சுத்திறாய் மச்சான், கோயில் கும்பிடுறியோ?” என்றான் சேவியர்.

8.35க்குப் போய்ச் சேர்ந்தோம்.

பனி இல்லாததால் வெள்ளைக்காரர் நனைந்த மரத்தூளைக் குவித்து வைத்திருந்தார். நான் பையிலிருந்து தேங்காயை எடுத்தேன்.

“உது என்னத்துக்கடா?”

“முதல் ஓட்டம். சும்மா ஓட்ட ஏலாது.”

“சரி, உன்ரை பிள்ளையாரும் வந்து பாக்கட்டும்.”

சீமெந்துத் தரையில் ஓங்கி அடித்தேன். ஒரு பாதி காலடியில் கிடந்தது. மற்றப் பாதி எங்கே உருண்டதென்று நான் தேடவில்லை. இரண்டாவது இழுப்பிலேயே இஞ்சின் பிடித்தது. மரத்தூள் ஆளுயரத்துக்குப் பறந்தது. சேவியர் வாயெல்லாம் பல்லாக நின்றான். பிறகு ‘டமார்’ என்று ஒரு சத்தம், இஞ்சின் நின்றுவிட்டது.

வெள்ளைக்காரர் குனிந்து திருகுக்குள்ளிருந்து பாதித் தேங்காயை இழுத்தெடுத்தார். பிறகு போல்ட்டைத் தொட்டுப் பார்த்தார். இந்த இடத்துக்கு மெல்லிய போல்ட்தான் போடவேண்டும், ஏதாவது சிக்கினால் அது முறிந்து கியரைக் காப்பாற்றும் என்றார். உருக்குப் போல்ட் முறியவில்லை. கியர்ப் பல்லெல்லாம் போய்விட்டது. அந்தக் கியரை இப்போது யாரும் செய்வதில்லையாம். யார் இதைப் பூட்டியது என்று கேட்டார்.

சேவியர் என்னைப் பார்த்தான்.

“நான் பெயின்ட் மட்டும்தான் அடிச்சனான்” என்றேன். தமிழில் ஒருதரம், இங்கிலீசில் ஒருதரம்.

சேவியர் முறியாத போல்ட்டை ஒருதரம் தடவிப் பார்த்தான். பிறகு பிழை தன்னுடையதுதான் என்று வெள்ளைக்காரரிடம் சொன்னான். திரும்பி வர ஒன்றேகால் மணித்தியாலம். வானுக்குள் அவன் ஏசியிருந்தாலாவது எனக்கு ஆறியிருக்கும்.

போகிறவர்கள் கவனிக்க வேண்டியவை: ஞாயிறு ஏழு மணிக்கு முன் புறப்படுங்கள். ஏற்றி இறக்க ஆறடிப் பலகை இரண்டு வேண்டும். மெல்லிய போல்ட் ஒன்று இருபது பென்ஸ், மேலதிகமாக நாலு வைத்திருங்கள். தேங்காய் உடைத்தால் இரண்டு பாதியையும் கையில் எடுத்த பிறகு இஞ்சினை இழுங்கள். யார் செய்தது என்று கேட்டால் அங்கேயே, அப்போதே சொல்லிவிடுங்கள். பிறகு சொல்வோம் என்றிருந்தால் வாய் வராது. எனக்கு வரவில்லை.

அடுத்த வருஷம் சேவியர் குடும்பத்தோடு டொரோண்டோ போனான். மெஷினைக் கப்பலில் அனுப்பிவிடவா என்று கேட்டேன்.

“பெயின்ட் அடிச்சது நீதானே. நீயே வைச்சிரு” என்றான்.

என் கராஜில்தான் நிற்கிறது. பெயின்ட் இன்னும் ஓரிடத்திலும் உரியவில்லை.