பெரியப்பா போட்ட வளைவு

1. பெரியப்பாவின் வலது கை நடுங்கத் தொடங்கியது.
2. மருத்துவர் அதைப் பார்கின்சன் என்றார். மாத்திரை கொடுத்தார். குணமாகும் என்று சொல்லவில்லை.
3. பிரிக்பீல்ட்ஸ் வீட்டின் கூடத்தில் மாதிரி ரயில் ஒன்றை ஓடவிடுவதென்று பெரியப்பா முடிவெடுத்தார்.
4. தண்டவாளம் தேர்ந்தெடுக்க என்னைத் துணைக்கு அழைத்தார்.
5. நான் சொன்ன தண்டவாளத்தை வாங்கவில்லை.

சுங்கை வேயில் ஒரு தொழிற்சாலையில் பொறியாளராக இருக்கிறேன். ஓர் இயந்திரம் நின்றுபோனால் நடந்ததை இப்படி எண் போட்டு எழுதிக்கொள்வேன்; எங்கே கை வைப்பது என்று தெரிந்துவிடும். மேலே உள்ளதில் எனக்கு அப்படி ஓர் இடம் அகப்படவில்லை.

பெரியப்பா ரயில்வேயில் தண்டவாளம் பராமரிக்கும் ஆட்களை மேற்பார்க்கும் மண்டோராக இருந்தவர். கிள்ளான் பாதையில் ஒரு வளைவு நெடுங்காலம் அவர் பொறுப்பில் இருந்தது. சிறுவயதில் நாங்கள் கிள்ளானிலிருந்து ரயிலில் அவர் வீட்டுக்கு வரும்போது, அந்த இடம் நெருங்கியதும் அப்பா எங்களைக் கைப்பிடியை விட்டுவிட்டு நிற்கச் சொல்வார். “விடுங்க, விடுங்க. அண்ணன் போட்ட வளைவு, விழமாட்டீங்க.” நாங்கள் விழுந்ததே இல்லை. இப்போது கூடத்துப் பலகையில் அவர் கொண்டுவர விரும்பியதும் அந்த வளைவைத்தான். கை முழுவதுமாகத் தன் பேச்சைக் கேட்காமல் போவதற்குள் அதைத் தானே போட்டுவிட வேண்டும். இதை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. எங்கள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

கடை ஒரு பழைய வணிக வளாகத்தின் மேல்மாடியில் இருந்தது. சீனக் கடைக்காரர் இரண்டு வகைகளை எடுத்து வைத்தார். ஒன்று துண்டு துண்டாக வருவது. பிளாஸ்டிக் ஜல்லியும் அடியில் ஒட்டியே இருக்கும். ஒன்றில் ஒன்றைச் சொருகினால் போதும். ஆனால் அதன் வளைவுகள் செய்யும் இடத்திலேயே தீர்மானிக்கப்பட்டவை. மற்றது நீளமானது, இஷ்டப்படி வளையும். வளைத்த பிறகு மிஞ்சும் கம்பியை அறுத்து, முனையை அராவி, அரிசி அளவே உள்ள உலோக இணைப்புகளை நுழைக்க வேண்டும்.

“அங்கிள், இது சினாங் லா, சுலபம். கிளிக், கிளிக், முடிஞ்சிச்சி,” என்று சொருகும் வகையைக் காட்டினார் கடைக்காரர், தமிழும் மலாயுமாக.

பெரியப்பா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “நேரா வந்து டக்குனு திரும்புது பாரு. இப்படி லைன் போட்டா ஒருத்தன் மடியில ஒருத்தன் போய் உக்காந்துக்குவான். வளைவுன்னா மெல்ல ஆரம்பிக்கணும், வளையறதே தெரியக்கூடாது.”

“இதுன்னா இன்னிக்கே ரயில் ஓடிரும் பெரியப்பா.”

“இன்னிக்கே ஓடி எங்க போவுது? ஆபீசுக்கா?”

நான் சிரித்துவிட்டேன். சிரித்த பிறகு வாதாட முடியவில்லை. கைபேசியில் இரண்டு வகைகளையும் ஒப்பிட்டு ஒரு பட்டியல் வைத்திருந்தேன். ‘கை’ என்று ஒரு வரி சேர்த்திருந்தால் முடிவு அந்தக் கணமே தெரிந்திருக்கும். அந்த வரியை அவர் முகத்துக்கு நேரே எப்படி வாசிப்பது? அதற்குள் அவர் நீளத் தண்டவாளத்தை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார். அவர் கையோடு சேர்ந்து அதன் முனையும் ஆடிக்கொண்டிருந்தது. கடைக்காரர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பொட்டலம் கட்டினார்.

சனிக்கிழமைகளில் போவேன். மாத்திரை வேலை செய்யும் பொழுதில் மட்டும் அவர் பலகை முன் உட்காருவார். வளைவு அழகாகவே வந்தது. அதை மறுக்க முடியாது. இணைப்புகள்தான் நுழையவில்லை. ஒவ்வொன்றும் விரலிலிருந்து தெறித்து நாற்காலிகளுக்கு அடியில் ஓடும். நான் குனிந்து தேடி எடுத்து அவர் உள்ளங்கையில் வைப்பேன். நுழைத்துத் தரட்டுமா என்று கேட்டபோது, “விழறத எடு, போதும்,” என்றார். “ரிட்டையராகியும் ஆளு போட்டு வேலை வாங்குறாரு பாரு,” என்று பெரியம்மா அடுக்களையிலிருந்து கேலி செய்வார்.

ஒருநாள் நான் போனபோது பெரியப்பா அறையில் தூங்கிக்கொண்டிருந்தார். ஓர் இணைப்பு பாதி நுழைந்த நிலையில் நின்றிருந்தது. இடுக்கியால் ஓர் அழுத்து அழுத்தினால் போதும். இடுக்கியைக் கையில் எடுத்துவிட்டேன். அப்போதுதான் தண்டவாளத்தின் நடுவே இறைச்சி கோத்துச் சுடும் ஒரு சாத்தே குச்சி நிற்பதைப் பார்த்தேன். அதன் நுனியில் சிவப்புத் துணி கட்டியிருந்தது.

பெரியம்மா குரலைத் தாழ்த்தி, “தொடாத லா, கண்ணு,” என்றார். “லைன்ல ஆளுங்க வேலை செய்றாங்கன்னு அர்த்தமாம். கொடி வச்சவரேதான் எடுக்கணுமாம். வேற யார் எடுத்தாலும் ஆள் மேல ரயில் ஏறிடும்னு சொல்லிட்டுப் படுத்திருக்காரு.”

இடுக்கியைக் கீழே வைத்தேன்.

அதன் பிறகு அவர் பலகை முன் உட்காரவில்லை. இப்போது பெரியம்மா சோறு ஊட்டுகிறார். போன வாரம் பெரியப்பாவின் காதருகே குனிந்து, மிச்சத்தை நான் போடட்டுமா என்று கேட்டேன். “வேலை நடக்குது,” என்றார்.

வளைவு முக்கால்வாசி முடிந்திருக்கிறது. ரயில் இன்னும் பெட்டியில் இருக்கிறது. கொடியை யாரும் எடுக்கவில்லை.