காதை அறுக்காமல் புதைத்த பசு

பாகூர் நூலகத்தில் பேப்பர் புரட்டிக்கொண்டிருந்தபோதுதான் அது உறைத்தது. இன்சூரன்ஸ் கட்டி ஏமாந்தவர்களும் புது நுகர்வோர் சட்டப்படி புகார் கொடுக்கலாமாம், வக்கீல்கூட வேண்டாமாம்! எங்கள் ஊர் செலியமேட்டுக்கு மிதித்த வேகத்தில் சைக்கிள் செயின் இரண்டு தடவை கழன்றது.

காதில் இன்சூரன்ஸ் கம்பெனி நம்பர் தகடு குத்தியிருந்த எங்கள் கறவைப் பசு போன மாதம் செத்தது. அம்மா மஞ்சள் பூசி, பொட்டு வைத்து, முழுசாகப் புதைத்தாள். இழப்பீடு கேட்கப் போன என்னிடம் மேனேஜர், "காதை அறுத்துத் தகட்டோட கொண்டாரணும்னு பாலிசில இருக்கே, படிக்கலியா தம்பி?" என்று சிரித்தார். பாலிசி முழுக்க இங்கிலீஷ். விற்ற ஏஜெண்ட் இதைப் பற்றி மூச்சே விடவில்லை.

"வுடுடா. தெரிஞ்சிருந்தா மட்டும் இன்னா, அறுத்திருப்பனா?" என்றாள் அம்மா.

எனக்கு ஆறவில்லை. செத்தது அதே மாடுதான் என்று மாட்டு டாக்டரே எழுதிக் கொடுத்திருக்கிறார். இழப்பீடு வந்தால் அம்மா இன்னொரு மாடு வாங்கட்டும். எனக்கு அந்த மேனேஜர் வேண்டும். நாளைக் காலை முதல் பஸ்ஸில் புதுச்சேரி போய் நுகர்வோர் கோர்ட்டில் மனுக் கொடுக்கிறேன். அந்த நிபந்தனையை அவரே எல்லார் முன்னாலும், அம்மா முகத்தைப் பார்த்து, தமிழில் வாசிக்க வேண்டும் என்று கேட்கப்போகிறேன்.