சடையங்குப்பத்துக்கு அனுப்பிய படம்

ஜன்னலைத் திறந்தால் கடல் தெரியும் என்று சொல்லித்தான் ராயபுரம் விடுதியில் எனக்கு அறை கொடுத்தார்கள். காலையில் திறந்தேன். கண்டெய்னர் லாரிகள் தெரிந்தன. ஒன்றன் பின் ஒன்றாக, துறைமுகத்து வாசலுக்காக உறுமிக்கொண்டு நின்றன. மேலே வானம் தோசைக்கல்லின் அடிப்பக்கம் போல் கறுத்திருந்தது. கார்த்திகை மாதம், இரவெல்லாம் மழை பெய்து அப்போதுதான் விட்டிருந்தது. இடி இடித்தால் போர்வைக்குள் புகுந்துகொள்கிற ஆள் நான். அப்படிப்பட்டவளுக்கு ஊரைப் பயமுறுத்துகிற உத்தியோகம் வாய்த்திருக்கிறது, பாருங்கள்.

பருவநிலை மாற்றத்தைப் படங்களால் எடுத்துச் சொல்வது என் வேலை. ஒரு தெருவின் புகைப்படத்தை எடுத்துக்கொள்வேன். கடல் மட்டம் உயர்ந்து, மழையும் கொட்டினால் அந்தத் தெரு எப்படி இருக்கும் என்று கணினியில் தண்ணீரை ஏற்றுவேன். இந்த முறை சடையங்குப்பத்தில் ஒரு தெரு. படத்தை அந்தத் தெருக்காரர்களிடமே காட்டி, அவர்கள் சொல்வதைப் பதிவு செய்துவரத்தான் சேலத்திலிருந்து கிளம்பி வந்திருந்தேன்.

ஒன்பது மணிக்கு சேகர் ஆட்டோவுடன் வந்தான். அதே தெருக்காரன். ஒரு நண்பர் மூலம் பழக்கமாகி, தன் வீட்டு வாசலைப் படமெடுத்து எனக்கு அனுப்பியவனும் அவன்தான். போக வர எழுநூறு ரூபாய் என்று பேச்சு.

"ஏறுக்கா. ரோடு பேஜாரா கீது. பொறுமையாத்தான் போவணும்" என்றான்.

பேஜார்தான். மூன்று கிலோமீட்டர்கூட இருக்காது, டோல்கேட் சந்திப்பில் அப்படியே நின்றுவிட்டோம். மாநகரப் பேருந்து, மீன்பாடி வண்டி, ட்ரெய்லர், எல்லாம் ஒரே சந்துக்குள் மூக்கை நுழைத்திருந்தன. சும்மா உட்கார்ந்திருப்பானேன் என்று கைபேசியில் படத்தை எடுத்து அவனிடம் நீட்டினேன்.

பார்த்தவன் முகம் வெளுத்துவிட்டது. "ஐய! என் வூடுக்கா இது! ஜன்னல் வரைக்கும் கீதே!"

"இப்ப இல்லப்பா. பிற்பாடு இப்படி ஆகலாம்னு கம்ப்யூட்டர்ல செஞ்சது."

"மெய்யாலுமே இருக்குற மாரியே கீதுக்கா. அனுப்பு, தேவிக்குக் காட்றேன்."

பெருமையாகத்தான் இருந்தது. அனுப்பினேன். அவன் அதை மனைவி தேவிக்குத் தட்டிவிட்டான். ஒரு வார்த்தையும் எழுதவில்லை. முன்னால் நின்ற பேருந்து நகர்ந்தது; நாங்களும் நகர்ந்தோம்.

திருவொற்றியூர் தேரடியைத் தாண்டும்போது அவனுக்கு அழைப்பு வந்தது. தேவி வேலை பார்க்கும் மசாலா கம்பெனியின் மேற்பார்வையாளர். ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது.

"இன்னாபா சேகரு, உன் வூட்டாண்ட வெள்ளமாமே? உன் சம்சாரம் ஃபோன பாத்துச்சு, அத்த இங்கியே போட்டுட்டு ஓடிடுச்சு. அதோட மாமனாரு படுத்த படுக்கையா கீறாராமே?"

சேகர் வண்டியை ஓரம் கட்டினான். அவன் சொல்லித்தான் எனக்கு விஷயம் புரிந்தது. அந்தத் தெருவுக்கு ஒரு வாட்ஸாப் குழு இருக்கிறது. மழைக் காலத்தில் அதில் யாரும் எழுதமாட்டார்கள். எழுதவும் படிக்கவும் அங்கே யாருக்கு நேரம்? தண்ணீர் வந்தால் படம் மட்டும் வரும். சொல்லில்லாத படம் வந்தால் ஓடு என்று அர்த்தம். நின்று எட்டிப் பார்க்கிற நேரத்தில் முட்டியளவு ஏறிவிடுமாம்.

"நைனாக்கு, எங்க அப்பாக்கு, ஒரு பக்கம் கை கால் வராதுக்கா. போன வெள்ளத்துல பாயோட மெதந்தாரு. தேவிதான் இஸ்துகினு வந்துச்சு" என்றான். "நானே போய் வெறும் படத்த அனுப்பிட்டனே!"

கைபேசி இல்லாமல் ஒரு பெண் ஓடிக்கொண்டிருக்கிறாள். அவளுக்கு எப்படிச் சொல்வது? ஓடுவதற்கு முன்பே தேவி படத்தைக் குழுவுக்கும் அனுப்பியிருந்தாள்; சேகர் அதில், "டூப்பு படம், யாரும் பயப்படாதீங்கோ" என்று குரலில் பேசி அனுப்பினான். யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. படம் வந்துவிட்டால் கைபேசியை ரேஷன் கார்டோடு சேர்த்து பிளாஸ்டிக் கவரில் கட்டிவிடுவார்களாம்.

எர்ணாவூருக்கு முன்னால் ட்ரெய்லர்கள் வரிசையாக நின்றன. தேவி வீட்டுக்கு ஓடும் வழியும் அதுதான். ஓரிடத்தில் கூட்டம். ஒரு ட்ரெய்லரின் சக்கரத்தருகே பெண் செருப்பு ஒன்று கிடந்தது. சேகர் வண்டியிலிருந்து குதித்து ஓடினான். நான் இறங்கவில்லை. இறங்க முடியவில்லை என்பதுதான் நிஜம். கண்ணை இறுக மூடிக்கொண்டு, எல்லாச் சாமியையும் கூப்பிட்டேன். திரும்பி வந்தவன், "வேற யாரோக்கா. கால்லதான் அடி. உயிருக்கு ஒண்ணியும் இல்ல" என்று சொல்லிவிட்டு, ஆட்டோ கம்பியில் தலையைச் சாய்த்து அழுதான். நானும் அழுதேன்.

சடையங்குப்பம் போய்ச் சேர்ந்தபோது தெருவில் வெள்ளமே இல்லை. பள்ளங்களில் மட்டும் கலீஜான மழைத் தண்ணீர். ஆனால் வீட்டுக்கு வீடு அமளி. கட்டில் மேல் ஃப்ரிட்ஜை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். காஸ் சிலிண்டர் மிதந்து போகாமல் ஜன்னல் கம்பியில் கயிறு போட்டுக் கட்டினார்கள்.

கால்வாய் முனையில் சேகரின் வீடு. தேவி பக்கத்து வீட்டு மொட்டை மாடியில் இருந்தாள். யாரோ ஒருவரின் பைக்கில் தொற்றிக்கொண்டு வந்து சேர்ந்து, மாமனாரைப் பாயோடு படியில் இழுத்து ஏற்றியிருக்கிறாள். முழங்கை தோல் உரிந்து ரத்தம் கசிந்தது. பெரியவர் தூறலில் நனைந்தபடி, எங்களைப் பார்த்து மலங்க மலங்க விழித்தார்.

சேகர் விஷயத்தைச் சொன்னான். தேவி கத்துவாள், அடிக்கவே வருவாள் என்று நினைத்தேன். அவள் முந்தானையால் பெரியவரின் தலையைத் துவட்டிக்கொண்டே என்னைப் பார்த்தாள்.

"தெருவுல வெள்ளம் இல்லையேம்மா, பார்க்கலையா?" என்றேன்.

"பாத்தேன். படத்துல தண்ணி கீது, தெருவுல இல்ல. சரி, வந்துகினு கீதுன்னு நெனச்சேன். எப்பவும் படம்தான்க்கா முன்னாடி வரும்."

நான் அந்தப் படத்தைச் செய்ததே அதைச் சொல்லத்தான். ஆனாலும் தலையை நிமிர்த்த முடியவில்லை.

"எப்பக்கா வரும்?" என்றாள். "நீதான போட்ட? நைனாவ எறக்கட்டுமா, இங்கியே இருக்கட்டுமா?"

"இன்னைக்கு வராதும்மா" என்றேன். என்ன தைரியத்தில் சொன்னேனோ தெரியாது. நாங்கள் மூவரும் பக்கத்து வீட்டுக்காரருமாக நால்வர் சேர்ந்து அவரைக் கீழே இறக்கினோம். தெருவில் சிலர் திட்டினார்கள், சிலர் சிரித்தார்கள். "சேலத்து அக்கா ஷோ காட்டிட்டாங்கப்பா" என்றார் ஒருவர். சிலிண்டர்களை அவிழ்த்தார்கள். அரை நாள் கூலியாவது மிஞ்சட்டும் என்று தேவி கம்பெனிக்கே திரும்பிப் போனாள். நான் ஒரு பதிவும் எடுக்கவில்லை.

மாலையில் சேகர் என்னை சென்ட்ரலில் இறக்கிவிட்டான். எழுநூறுக்கு மேல் ஒரு ரூபாயும் வாங்க மறுத்துவிட்டான். ரயிலில் உட்கார்ந்ததும் மழை பிடித்துக்கொண்டது. தகரத்தில் கல்லைக் கொட்டுகிற சத்தம். எங்கள் ஊர்க் கண்காட்சியில் என் படங்களைப் பார்க்கிறவர்கள், "எடிட்டிங் பிரமாதம் மேடம்" என்று பாராட்டிவிட்டு டீ குடிக்கப் போவார்கள். யாரும் பயப்படவில்லையே என்று எத்தனை முறை அலுத்துக்கொண்டிருக்கிறேன்! பயப்படுகிறவர்களைப் பார்த்தாயிற்று. போதுமடா சாமி என்றிருந்தது.

பெரம்பூர் தாண்டியிருக்கும். சேகர் கூப்பிட்டான். மழையில் குரல் விட்டுவிட்டுக் கேட்டது.

"அக்கா, குரூப்ல ஒரு படம் வந்துகீது. கால்வாய் முனை. எங்க வூட்டு வாசப்படி மேல தண்ணி. யாரு எடுத்தான்னு தெரில, ஃபார்வர்டுல வந்துகீது. நான் ராயபுரத்துல மாட்டிகினு கீறேன். தேவி இன்னும் கம்பெனிலதான் கீது, படத்த பாத்துட்டு சிரிச்சிச்சாம். தெருவுல ஒருத்தரும் அசையல. நைனா தனியா கீறாரு. இது நீ போட்டதாக்கா?"

"ஐயோ, இல்ல சேகர்!" என்று பெட்டியே திரும்பிப் பார்க்கக் கத்தினேன். "அது நான் போட்டதில்ல! அவரத் தூக்கச் சொல்லுங்க, யாரையாவது ஓடச் சொல்லுங்க!"



"மெய்யாலுமாக்கா?" என்றான்.