பார்த்து எழுத வந்த டீச்சர்

தேவப்பிரியத்துக்கு அந்த வேலை கிடைத்தது 1950ஆம் வருஷம் ஜூன் மாதத்தில். அப்போது அவளுக்கு நாற்பத்திரண்டு வயது. ராயபுரத்தில் மாதா கோயிலுக்குப் பின்னால் ஒரு சந்தில், ஒற்றை அறையில் தனியாக இருந்தாள். அச்சகத்தில் எழுத்துக் கோத்துக்கொண்டிருந்த கணவன் காசநோயில் போய் ஆறு வருஷம் ஆகியிருந்தது. அவள் பாடம் சொல்லிக்கொடுத்த சின்னப் பள்ளிக்கூடத்தைப் பிள்ளைகள் போதவில்லை என்று மூடிவிட்டார்கள்.

வேலை கொடுத்தது வேதமாணிக்கம் குடும்பம். தெற்கேயிருந்து வந்து, மிளகாய் வற்றலும் புளியும் மொத்தமாக விற்று மேலே வந்த குடும்பம். துறைமுகத்தை ஒட்டி ஏழு குடோன்கள் இருந்தன. பெரியவர் சாகும்போது சொத்தில் ஒரு பங்கை ஏழைகளுக்கென்று எழுதிவைத்தார். வேதமாணிக்கம் தர்ம நிதி என்று அதற்குப் பெயர். மகன் ஆசீர்வாதம் அதைப் பார்த்துக்கொண்டான். தனி ஆளுக்கு நிதி எதுவும் கொடுப்பதில்லை. கஞ்சி ஊற்றுகிற சங்கம், பிரசவ விடுதி, வாசகசாலை என்று ராயபுரம் முதல் எண்ணூர் வரை பொதுக்காரியம் செய்கிறவர்கள் மனுப் போடுவார்கள். நிதியின் ஆள் ஒருவர் நேரில் போய்ப் பார்த்து எழுதிக்கொண்டு வந்தால், அதை வைத்து உதவி போகும். போய்ப் பார்க்கிற அந்த ஆள்தான் தேவப்பிரியம்.

"நல்லா இருக்குன்னு எழுத வேண்டாம், டீச்சர். மோசம்னும் எழுத வேண்டாம். பார்த்ததை எழுதுங்க, போதும்," என்றான் ஆசீர்வாதம் முதல் நாளே. முப்பத்தைந்து வயதிருக்கும். குரலை உயர்த்த மாட்டான். அவள் உட்கார்ந்த பிறகுதான் அவன் உட்கார்ந்தான்.

அவன் சொன்னது அவளுக்குப் பிடித்துப்போயிற்று. பார்த்ததைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்வதில் அவளுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. கணவன் இறந்தபோது சபைப் பத்திரிகையில் 'நோயைப் பொறுமையுடன் சகித்தார்' என்று போட்டிருந்தார்கள். 'பொறுமை இல்லை, மிகவும் கோபப்பட்டார்' என்று திருத்தம் எழுதி அனுப்பியவள் அவள்.

முதலில் போய்ப் பார்த்தது திருவொற்றியூர்க் கடற்கரையில் பவுனம்மாளின் கஞ்சிக் கொட்டகை. மீன்கூடை தூக்கிப் போகிற பெண்கள் விட்டுப்போகும் குழந்தைகளுக்கு, பவுனம்மாளும் இன்னும் மூன்று பெண்களும் முறை வைத்துக் கஞ்சி காய்ச்சினார்கள். கொட்டகை என்று பெயரே தவிர, நாலு கழியும் ஒரு கிழிந்த படகுப்பாயும்தான். தேவப்பிரியம் ஒரு பகல் முழுக்க அங்கே உட்கார்ந்திருந்தாள். மழை வந்தபோது அடுப்பு அணையாமலிருக்கப் பவுனம்மாள் அதன்மேல் முதுகை வளைத்து நின்றதையும் எழுதினாள். ஒரே மாதத்தில் ஓட்டுக்கூரை வந்துவிட்டது.

"நீ எழுதின காயிதம் கூரை போட்டுச்சு பாரும்மா," என்று பவுனம்மாள் அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். அன்று பஸ்ஸில் வீடு திரும்பும்போது தேவப்பிரியம் தனக்குள் சிரித்துக்கொண்டே வந்தாள். வெகுநாளைக்குப் பிறகு அவளுக்கு வந்த சிரிப்பு.

இரண்டு வருஷம் இப்படியே போனது. 1952 கடைசியில் தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு மனு வந்தது. கலீலுல்லா என்கிற புத்தக பைண்டர், கடைக்குப் பக்கத்து அறையில் வாசகசாலை நடத்திவந்தார். ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் மூட்டை தூக்குகிறவர்கள் வந்து தரையில் உட்காருவார்கள். கலீலுல்லா பத்திரிகையை உரக்கப் படிப்பார். படித்து முடிந்ததும் அவர்கள் தங்கள் விஷயங்களைப் பேசுவார்கள். தேவப்பிரியம் போன அன்று மஜீது என்ற ஒருவன் எழுந்து நின்றான்.

"மூட்டை வரவர கனமாய்க்கினே போவுது. தூக்குறவன் முதுகு அதே முதுகுதான். ஒருத்தன் போய்க் கேட்டா மேஸ்திரி தொரத்திடுவான். நாப்பது பேரும் ஒண்ணா போய் நின்னா இன்னா பண்ணுவான்?"

அவன் பேசிய விதம் தேவப்பிரியத்தின் மனதில் நின்றது. வீட்டுக்கு வந்து எழுதினாள்: 'எழுத்தறியாதவர்களும் இங்கே யோசித்துப் பேசுகிறார்கள். வேதமாணிக்கம் குடோனில் வேலை செய்யும் மஜீது என்பவர், மூட்டைகளின் கனத்தைப் பற்றி எல்லோரும் சேர்ந்து முறையிட வேண்டும் என்று தெளிவாகச் சொன்னார். ஒருவரும் குறுக்கே பேசவில்லை. இது உதவிக்குத் தகுந்த இடம்.' மஜீதை ஆதரித்த இருவரின் பெயரையும் சேர்த்தாள். இதைவிட உயர்வாக ஒரு வாசகசாலையைப் புகழ முடியாது என்றுதான் நினைத்தாள்.

ஆறு பெஞ்சுகளும் ஒரு அலமாரியும் வந்து இறங்கின. அடுத்த மாதம் குடோன் வாசலில் மேஸ்திரி மஜீதைப் பார்த்து, "ஒனக்கு இன்னிக்கி வேல இல்ல," என்றான். மறுநாளும் அதையே சொன்னான். பிறகு மற்ற இருவருக்கும் அதே பதில். கலீலுல்லா சொல்லித் தேவப்பிரியத்துக்குத் தெரிந்தது. பாவம் என்று நினைத்ததோடு சரி, அதற்குமேல் அவளுக்கு எதுவும் தோன்றவில்லை.

அந்தச் சமயத்தில்தான் நிதியின் அறிக்கைப் படிவத்தில் புதிதாக ஒரு வரி அச்சாகி வந்தது: 'கூட்டத்தில் பேசியோர் பெயர், பேசிய விஷயம்.' தேவப்பிரியம் அதையும் ஒழுங்காக நிரப்பினாள். எண்ணூரில் உப்பளத்துப் பெண்கள் வைத்திருந்த உதவிச் சங்கத்தில், குடிக்கத் தண்ணீர் வைக்கச் சொல்லி முத்தம்மா என்பவள் பேசியதை எழுதினாள். அந்த உப்பளம் ஆசீர்வாதத்தின் மைத்துனனுடையது. தண்ணீர்ப் பானை வந்தது. முத்தம்மாவை மட்டும் வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

பவுனம்மாள்தான் வாய்விட்டுச் சொன்னாள்.

"டீச்சரம்மா, கோச்சுக்காத. நீ வந்துட்டுப் போற எடத்துல யாருக்காச்சும் வேல போயிடுது. பொம்பளைங்க பேசிக்கிறாங்கோ. நீ தூரத்துல வந்துகினு இருந்தாலே எல்லாரும் வாய மூடிக்கிறாங்கோ."

தேவப்பிரியத்துக்குக் கோபம் வந்தது. "யார் சொன்னது? நான் யாரையாவது குறை சொல்லி எழுதியிருக்கேனா?" என்று கேட்டுவிட்டு எழுந்து நடந்தாள். வழியில் குழாயடியில் நின்ற பெண்கள் அவளைக் கண்டதும் பேச்சை நிறுத்தினார்கள். இதற்கு முன்னாலும் அப்படித்தான் நிறுத்தினார்களா என்று யோசித்துப் பார்த்தாள். ஆமாம், கொஞ்ச நாளாகவே அப்படித்தான். மரியாதை என்றல்லவா நினைத்திருந்தாள்.

மறு வாரம், ஒரு கையெழுத்துக்காக ஆசீர்வாதத்தைத் தேடிக் குடோனுக்கே போனாள். அவன் அங்கே இல்லை. மேஸ்திரியின் மேஜை ஓரமாக உட்காரச் சொன்னார்கள். மிளகாய் நெடியில் இருமிக்கொண்டே திரும்பியவள், மேஜைமேல் லோடுச் சீட்டுகளுக்கு நடுவே தன் எழுத்தைப் பார்த்தாள். வாசகசாலையைப் பற்றி அவள் எழுதிக் கொடுத்த அதே தாள்கள். மூன்று பெயர்களின் கீழே சிவப்புப் பென்சிலால் கோடு போட்டிருந்தது.

ஆசீர்வாதம் வந்ததும் அவனிடமே கேட்டாள்.

"இந்தக் காகிதம் மேஸ்திரிகிட்ட எப்படி வந்தது, ஐயா?"

அவன் முகம் மாறவில்லை. "நான்தான் கொடுத்தேன். நீங்க எழுதினது உண்மைதானே, டீச்சர்?"

"உண்மைதான்."

"அப்புறம் என்ன? நாம ஒரு இடத்துக்குக் கொடுக்கிறோம்னா, அங்கே என்ன வளருதுன்னு தெரிஞ்சுக்க வேண்டாமா? அப்பாவோட சொத்து அது." ஆள் விட்டு அவளுக்குக் காப்பி வரவழைத்தான். அதைக் குடிக்கவும் முடியவில்லை, வேண்டாம் என்று சொல்லவும் முடியவில்லை.

அதற்குப் பிறகு தேவப்பிரியம் வாழ்க்கையில் முதன்முறையாகப் பார்த்ததை எழுதாமல் விட்டாள். 'எல்லாம் ஒழுங்காக நடக்கிறது' என்று மட்டும் எழுதிக் கொடுத்தாள். மூன்று மாதம் ஆசீர்வாதம் ஒன்றும் கேட்கவில்லை. நாலாவது மாதம் கூப்பிட்டான்.

"இப்பல்லாம் உங்க எழுத்துல பேரே வர்றதில்லையே? கண்ணு சரியாத் தெரியலைபோல. இந்த வயசுல வர்றதுதான்."

"தெரியுது, ஐயா."

"இல்லை, காட்டிடுவோம்." தன் காரிலேயே அவளை எழும்பூருக்குக் கண் டாக்டரிடம் அனுப்பினான். பத்து நாளில் தங்க நிற விளிம்போடு மூக்குக்கண்ணாடி வந்தது. அவனே எடுத்துக் கொடுத்தான். போட்டுக்கொள்ளும் வரை எதிரில் காத்து நின்றான். "இனிமே எல்லாம் தெளிவாத் தெரியும்," என்றான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் வாசகசாலைக்குப் போனாள். அறிக்கைகளை முதலில் எழுதிப் பார்த்த நோட்டு அவளிடம் இருந்தது. கலீலுல்லா பத்திரிகையை மடித்து வைத்ததும் எழுந்து நின்று, அந்த இடத்தைப் பற்றித் தான் எழுதியதை முதலிலிருந்து கடைசிவரை படித்தாள். மேஸ்திரியின் மேஜையில் பார்த்ததையும் சொன்னாள். மஜீது கதவோரம் நின்றிருந்தான். வேலை போனதிலிருந்து கைவண்டி இழுத்துக்கொண்டிருந்தான், ஆள் பாதியாக இளைத்திருந்தான்.

"நான் பேசினதவிட நீ எழுதினது ஜோரா கீதும்மா," என்றான்.

பெஞ்சுகளை என்ன செய்வது என்பதில் பெரிய சண்டை வந்தது. "பெஞ்சு இன்னா பாவம் பண்ணிச்சு? ஒக்காந்துகினே பேசுவோம்," என்றான் ஒருவன். கலீலுல்லா தலையாட்டி மறுத்தார். "அதுல ஒக்காந்தா எனக்குப் படிக்க வராதுப்பா." கடைசியில் ஆறு பெஞ்சையும் அலமாரியையும் மஜீதின் கைவண்டியில் ஏற்றி, நிதியின் ஆபீசு வாசலில் கொண்டுபோய் இறக்கினார்கள்.

பவுனம்மாள் அப்படிச் செய்யவில்லை. "கூரையப் பிரிச்சுக் குடுத்துட்டு மழைல பசங்கள எங்க கொண்டு போவேன்? எனுக்கு ரோசம் வாணாம்," என்றாள்.

தேவப்பிரியம் ராஜினாமா எழுதிக் கொடுத்தாள். ஆசீர்வாதம் வாங்கிப் படித்தான். ஒரு எழுத்துப்பிழை இருப்பதைக் காட்டினான். "எப்ப வேணும்னாலும் திரும்பி வாங்க," என்று வாசல்வரை வந்து வழியனுப்பினான்.

பிறகு அவள் வேலை தேடிப் போகாத இடமில்லை. இரண்டு பள்ளிக்கூடம், ஒரு அனாதை விடுதி, தையல் சொல்லிக்கொடுக்கிற ஒரு சங்கம் என்று எல்லா இடத்துக்கும் போனாள். எல்லோரும் அன்பாக உட்காரவைத்தார்கள். எல்லோரும் இடம் காலியில்லை என்றார்கள். உள்ளே நுழையும்போதே சுவரில் வேதமாணிக்கம் குடும்பத்தின் பெயர் பொறித்த கல் இருக்கிறதா என்று பார்க்கப் பழகிக்கொண்டாள். ஒவ்வொரு இடத்திலும் இருந்தது. அவற்றில் பாதி, அவள் எழுதிக் கொடுத்து உதவி போன இடங்கள்.

கடைசியில் கலீலுல்லாதான் கடையில் தாள் மடிக்கிற வேலை கொடுத்தார். அச்சகங்களிலிருந்து கட்டுக் கட்டாக வருகிற தாள்களை மடித்து, வரிசை பார்த்து, தையலுக்கு எடுத்து வைக்கவேண்டும். மஜீது சென்னையே வேண்டாம் என்று விசாகப்பட்டினம் துறைமுகத்துக்குப் போய்விட்டான். 1955இல் வாசகசாலைக்கு எதிர்ச்சாரியில் நிதியே ஒரு பெரிய வாசகசாலை கட்டியது. மின்விசிறி, ரேடியோ, ஏழு பத்திரிகைகள். கலீலுல்லாவின் அறைக்கு வந்தவர்கள் ஒவ்வொருவராக அங்கே போனார்கள். அங்கே 'பேசக்கூடாது' என்று எழுதிப் போட்டிருந்தது.

அடுத்த வருஷம் ஒரு பிற்பகலில் பைண்டிங் கடை வாசலில் கார் வந்து நின்றது. ஆசீர்வாதம் இறங்கி வந்தான்.

"டீச்சர், சௌக்கியமா? கண்ணு எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு, ஐயா."

"இந்த வழியா வந்தேன், பார்த்துட்டுப் போகலாம்னு." கடைக்குள் சாவகாசமாக நடந்தான். சுவரோரம் அடுக்கியிருந்த கட்டுகளின் முன்னால் நின்றான். எந்த அச்சகத்துக் கட்டு எது என்று தெரிவதற்காக ஒவ்வொன்றிலும் சீட்டு ஒட்டியிருந்தது. மேலிருந்து கீழாக எல்லாவற்றையும் படித்தான். "நிறைய வேலை வருதே. ரொம்ப சந்தோஷம்," என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போனான்.

உள்ளே பசை காய்ச்சிக்கொண்டிருந்த கலீலுல்லா வெளியே வந்தார். "இன்னா கேட்டாரு?"

"ஒண்ணும் கேக்கல, பாய். படிச்சுட்டுப் போனார்."

கலீலுல்லா கட்டுகளைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். "செரி, மடிம்மா," என்றார்.

அந்த வாரம் இரண்டு அச்சகங்களிலிருந்து கட்டு வரவில்லை. அடுத்த வாரம் இன்னொன்று நின்றது. பெரம்பூரில் கல்யாணப் பத்திரிகையும் பஞ்சாங்கமும் போடுகிற ஒரு சின்ன அச்சகம் மட்டும் நிற்கவில்லை. அந்த முதலாளி வேதமாணிக்கம் குடும்பத்திடம் எதற்கும் கைநீட்டாத ஆள் என்று பின்னால் தெரிந்தது. அந்த ஒரு அச்சகத்தின் வேலையை வைத்துக்கொண்டு, தேவப்பிரியமும் கலீலுல்லாவும் மேலும் நாலு வருஷம் கடையை நடத்தினார்கள்.