கழுத்தில்லாத பூக்கள்

தெருவில் அவளை ஃபிரில் அக்கா என்றால்தான் தெரியும். பாப்பா கவுனோ, தலையணை உறையோ, எது தைத்தாலும் கேட்காமலே ஓரத்தில் மடிப்பு மடிப்பாய் ஒரு ஃபிரில் வைத்துவிடுவாள். செடி வாங்கப் போனாலும் அதே புத்திதான். அடுக்குச் செம்பருத்தி, அடுக்கு நந்தியாவட்டை, பந்து பந்தாய்ச் செவ்வந்தி என்று மொட்டைமாடி முழுக்க இதழ் மேல் இதழாய்ப் பொங்கி வழிந்தது. ஒற்றை இதழ்ப் பூவைக் கண்டால், "இது என்ன, துணி பத்தாம தைச்ச மாதிரி?" என்று தள்ளிவிடுவாள்.

வினை பூசணிக்கொடியால் வந்தது. கொடி மாடிப் பந்தலேறி மஞ்சள் மஞ்சளாய்ப் பூத்தது. பூவடியில் கோலிக்குண்டு அளவில் பிஞ்சு எட்டிப் பார்க்கும். பார்த்த கையோடு வெம்பி உதிரும். உரம் போட்டாள், கெஞ்சினாள், திட்டியும் பார்த்தாள். ஒன்றும் நிற்கவில்லை.

மின்விசிறி ரிப்பேர் பார்க்கும் கணவருக்கோ அந்தப் பந்தல் இடத்தின் மேல் ஒரு கண். பழைய விசிறிகள் வீட்டு நடையை அடைத்துக் கிடந்தன.

"இந்த மாசத்துக்குள்ள ஒரு காயாவது நிக்கணும். இல்லைன்னா பந்தலைப் பிரிச்சுட்டு விசிறி வைக்கத் தகரம் போட்டுடுவேன்."

"ஏங்க, கொடிக்குக் கெடு வச்சா காய்க்குமா?"

"நீ கஸ்டமருக்குச் சொல்ற கெடு மாதிரி இல்ல இது. சொன்னா சொன்னதுதான்."

கீழ்வீட்டு நாத்தனார் சிரித்தாள். "பேசாம ஒரு பூசணிக்காயை வாங்கிக் கொடியில தைச்சு விட்டுடுங்க அண்ணி. அண்ணனுக்குத் தெரியவா போகுது?"

மறுநாள் காலை, ஓரம் மடித்து ஹெம் அடிக்க வேண்டிய துணியோடு மாடியில் உட்கார்ந்திருந்தாள். எங்கிருந்தோ ஒரு தேனீ வந்தது. அடுக்குச் செம்பருத்தியில் இறங்கி ஒரு மடிப்புக்குள் தலையை நுழைத்தது. வழியில்லை. இன்னொரு மடிப்பு. அங்கும் இல்லை. செவ்வந்தியிலும் அதே பாடுபட்டுவிட்டு, பூசணிப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டது.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒருமுறை அவசரத்தில் ஒரு கவுனுக்குக் கழுத்தே வெட்டாமல் ஃபிரில் வைத்து மூடித் தைத்திருந்தாள். போட்டுப் பார்த்த குழந்தை துணிக்குள் இப்படித்தான் முட்டி முட்டித் தேடியது. இங்கே மாடி முழுக்க அதே கவுன்தான்! நுழைய வழியில்லாத வீட்டுக்கு யார்தான் வருவார்கள்? தேனீ வந்து மகரந்தம் ஒட்டாமல் பூசணிப் பிஞ்சு எப்படி நிற்கும்?

ஊசியைச் சொருகிவிட்டு நேராக நர்சரிக்குப் போனாள்.

"அண்ணே, கழுத்து உள்ள பூவா குடுங்க."

நர்சரிக்காரர் ஏற இறங்கப் பார்த்தார். "என்னம்மா, உடம்பு நல்லாத்தானே இருக்கு?"

"நடுவுல மகரந்தம் வெளியில தெரியணும். தேனீ நேரா உள்ள போகணும். ஃபிரில் வேண்டாம்."

"நீங்களா வேண்டாங்கறீங்க? இருங்க, கொஞ்சம் உக்காந்துக்கறேன்."

ஒற்றைச் செம்பருத்தி, சூரியகாந்தி, காஸ்மாஸ், கதிர் விட்ட துளசி என்று ஏற்கெனவே பூத்த தொட்டிகளாய்ப் பொறுக்கினாள். கெடு நெருங்குகிறதே! பூத்துவிட்டதென்று பிடுங்கி எறிய இருந்த மாடிக் கொத்தமல்லிக்கும் உயிர்ப்பிச்சை கிடைத்தது. எல்லாவற்றையும் பந்தலைச் சுற்றி நிறுத்தினாள்.

சில நாள் மாடி ஊமையாகவே கிடந்தது. பிறகு ஒரு காலை, மாடி அறையில் தையல் மிஷினை நிறுத்தினாள், ரீங்காரம் நிற்கவில்லை. ஓடிவந்து பார்த்தால் துளசியில் ஒரு கும்பல். பூசணிப்பூவுக்குள்ளிருந்து உடம்பெல்லாம் மஞ்சள் பொடியோடு ஒன்று தள்ளாடி வெளியே வந்தது.

"வாம்மா, வா! நல்லா சாப்பிட்டியா?" என்றாள்.

மாதக் கடைசியில் கணவர் கட்டிங் பிளேயரோடு மாடியேறினார். வேடிக்கை பார்க்க நாத்தனாரும் வந்தாள். இலைக்கு அடியில் கைமுட்டி அளவில் ஒரு பிஞ்சு, உதிரும் எண்ணமே இல்லாமல் பளபளத்தது. அவர் தொட்டுப் பார்த்தார். தள்ளி நின்று பார்த்தார். அவள் சிரிப்பை மறைக்கத் துளசித் தொட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். பிளேயரை எடுத்து அவர் பந்தல் கம்பியை முறுக்கத் தொடங்கினார்.

"அண்ணே, பிரிக்கறியா, கட்டறியா?"

"இது பெருத்தா இந்தக் கம்பி தாங்குமா? கேள்வி கேக்காம அந்தப் பக்கம் பிடி."